ஆள்காட்டிக் குஞ்சுக்குப் பால் புகட்டியவர்

பெட்டியைத் திறந்ததும் பால் வாடை அடித்தது. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

பூந்தமல்லியில் கால்நடை கிளினிக் நடத்துகிறேன். நாயும் பூனையும்தான் என் பிழைப்பு. ஆனால் வெயில் காலம் வந்துவிட்டால் ஷூ பெட்டியில் பஞ்சு பரப்பி, எங்கெங்கோ கிடந்த குட்டிகளையும் குஞ்சுகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் செம்பரம்பாக்கம் பக்கம் ஃபிளாட் வாங்கிப் புதிதாகக் குடிவந்த ஐ.டி. ஊழியர். பெட்டியில் மூன்று ஆள்காட்டிக் குருவிக் குஞ்சுகள். ஒன்று ஏற்கெனவே விறைத்திருந்தது. இன்னொன்றின் மூக்கில் பால் நுரை.

"இன்னா சார், இத்துக்குப் போய் பாலு ஊத்திக்கீறீங்க? இது இன்னா கொயந்தையா?" என்று என் உதவியாளர் செல்வி கேட்டாள்.

பசிக்குமே என்று இங்க் ஃபில்லரில் கொடுத்தாராம். பறவைக்கு ஏது பால்? ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. ஆஸ்பிரேஷன் என்போம். சூடு கொடுத்தோம், ஆக்ஸிஜன் வைத்தோம். என் உள்ளங்கையிலேயே அதுவும் போனது.

எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஃபிளாட்டுக்குப் பின்னால் காலி மனையில், சரளைக்கல் நடுவே அசையாமல் கிடந்தனவாம். அடிபட்டிருக்கும் என்று நினைத்தாராம். ஆள்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும். பொரித்த அன்றே குஞ்சு எழுந்து ஓடி, தானே பூச்சி பொறுக்கித் தின்னும். ஆபத்து என்று பெற்றவை குரல் கொடுத்தால் கல்லோடு கல்லாகப் படுத்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த தற்காப்பு அவ்வளவுதான்.

"பெரிய பறவை எதுவும் பக்கத்துல இல்லையா?"

"ரெண்டு இருந்துச்சு டாக்டர். கத்திக்கிட்டே தலைக்கு மேல பாஞ்சு பாஞ்சு வந்துச்சுங்க. குஞ்சுங்களைக் கொல்லத்தான் வருதுன்னு நெனச்சு, அதுங்களைத் துரத்திட்டு எடுத்தேன்."

என் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. தாயையும் தகப்பனையும் விரட்டிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வந்து, காப்பாற்றினேன் என்று நிற்கிறார். மிச்சம் இருப்பதையாவது இப்போதே கொண்டுபோய் விடவேண்டும், காரை எடுங்கள் என்றேன். மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காதாமே என்று இழுத்தார். யாரோ கட்டிவிட்ட கதை அது, பேசாமல் ஓட்டுங்கள் என்றேன்.

மனைக்குள் கால் வைத்ததுமே இரண்டும் கத்திக்கொண்டு பாய்ந்து வந்தன. அவ்வளவு நேரமும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன. குஞ்சை அதே சரளையில் வைத்துவிட்டு, தள்ளி வந்து காருக்குள் உட்கார்ந்தோம். அவர் கண்ணாடியை இறக்கி, படம் எடுக்கப் போனை நீட்டினார். உள்ளே வையுங்கள் என்று அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பறவை தரையிறங்கிக் கூப்பிட்டது. குஞ்சு எழுந்து ஓடி அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொரு பறவை மட்டும் சரளையைச் சுற்றிச் சுற்றி நடந்து கத்திக்கொண்டே இருந்தது.

"இன்னும் ஏன் டாக்டர் கத்துது? அதான் குடுத்துட்டோமே."

"பொரிச்சது மூணு சார். மீதி ரெண்டையும் தேடுது."

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நல்லது பண்ணத்தான் நினைத்தேன் என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் இளம் டாக்டர்களுக்கும் சொல்கிறேன். காயம் இல்லாத குட்டியையோ குஞ்சையோ பெற்றவற்றிடமிருந்து பிரித்து எடுத்து வருபவரிடம், பரவாயில்லை, உங்களுக்கு நல்ல மனசு என்று சிரித்து அனுப்பிவிடாதீர்கள். அடுத்த வெயிலுக்கும் அவர் வருவார். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், செத்ததை அவர் கையிலேயே கொடுங்கள். பெட்டியில் கிடந்த இரண்டையும் நான் கொடுத்தேன். ஃபிளாட் தோட்டத்தில் அவரே குழி தோண்டினார்.