ஃபென்னா குடிக்காத மருந்து

எங்கள் கால்வாய்க்கரையில் சலவைக்கார ஃபென்னாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் கஞ்சி போட்டுத் தேய்த்த காலரை மாட்டிக்கொண்டு பாதிரியார் தலையைத் திருப்பினால் உடம்பும் கூடவே திரும்பும். அப்படி ஒரு விறைப்பு. புருஷன் அடுப்பெரிக்க வெட்டியெடுக்கும் கரிமண்ணை ஏற்றும் படகில் போனவன். ஒரு குளிர்காலத்தில் கால்வாயில் உறைந்த பனி உடைந்து தண்ணீரோடு போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் தும்மினால் என் அலமாரியில் தட்டு ஆடும். அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி சுவர் வழியாகக் கேட்டது.

அவளுக்குத் தாடைவலி வந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு டாக்டர் ஒன்னெஸ் வந்தார். அதற்கு முன்னால் இருந்த கிழட்டு டாக்டர் எந்த நோய்க்கும் வெந்நீரும் ஓய்வும்தான் சொல்வார். சாகவேண்டியவர்களைத் தவிர அவரிடம் யாரும் சாகவில்லை. அதனாலேயே ஊரில் அவருக்கு மரியாதை இல்லை. ஒன்னெஸ் வேறு மாதிரி. ஜெர்மனியில் படித்தவர், தங்க பிரேம் கண்ணாடி, பேசினால் பாதி லத்தீன். ஒன்றும் புரியாததால் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை.

ஃபென்னாவின் நாடியைப் பிடித்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். கன்னத்தில் விரலால் தட்டினார். அவள் அலறினாள்.

"நரம்பு," என்றார்.

"பல்லா இருக்குமோ ஐயா? கடைவாய்ல ஒன்னு கொஞ்ச நாளாவே..."

"பல் பிடுங்குறதெல்லாம் சந்தைக்கு வர்ற ஆளுங்க வேலைம்மா. நான் பல்கலைக்கழகத்துல படிச்சவன். இது நரம்பு."

கறுப்புப் புட்டி இரண்டு கொடுத்தார். நாபி என்ற விஷக்கிழங்கின் சத்து. வேளைக்கு ஐந்து சொட்டு, தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டும்.

முதல் வேளையை வாயில் விட்டதும் என்ன ஆயிற்று என்று அவளே என்னிடம் சொன்னாள். "நாக்குல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுடி. அப்புறம் நாக்கே இல்ல. விரலை விட்டு இருக்கான்னு தடவிப் பார்த்தேன். சீன்னு துப்பிட்டேன்." அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் மருந்தை ஒழுங்காகத் தண்ணீரில் விட்டாள். கொல்லைச் சன்னலுக்கு வெளியே இருந்த கால்வாய்த் தண்ணீரில். எங்கள் பக்கம் மேய வரும் வாத்துகள் அந்த மாதம் ஏனோ அக்கரைக்குப் போய்விட்டன.

வலி பொறுக்காமல் கடைசியில் கொல்லன் ஹார்மிடம் போனாள். ஹார்ம் குதிரைக்கு லாடம் அடிப்பவன், குதிரைப் பல்லையும் பார்ப்பவன்.

"குதிரைன்னா கடிக்க ஒரு கட்டையைக் கொடுப்பேன். உனக்கும் தரவா, ஃபென்னா?"

"உன் கையைக் கொடுய்யா, அதைக் கடிக்கிறேன்."

கட்டையையே கொடுத்தான். குறடு உள்ளே போனது; பல் வெளியே வந்தது, வேரில் சீழோடு. வீட்டுக்கு வந்தவள் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள்.

அவள் எழுந்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். கூடவே அவர் மனைவி, கையில் மாட்டெலும்பு சூப். "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். நடந்ததைச் சொல்லத்தான் ஃபென்னா வாயைத் திறந்தாள். "அந்தாளு மூஞ்சியப் பார்த்தேன்டி. கேக்கை வெட்டமாட்டாங்களான்னு நிக்கிற புள்ள மாதிரி இருந்துச்சு. சூப்பு வேற மணக்குது. 'உங்க மருந்துதான் ஐயா'ன்னு சொல்லிட்டேன்." சூப் ஆறுவதற்குள் சொன்ன பொய். அதை அவள் ஒரு வருஷம் சுமக்கவேண்டி வந்தது.

டாக்டர் அவளைப் பற்றி டாக்டர்கள் சங்கத்தில் பேசினார். பக்கத்து ஊர் டாக்டர்கள் சாப்பாட்டு விடுதியின் மாடியில் கூடினார்கள். ஃபென்னாவை மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, காபியும் இஞ்சி ரொட்டியும் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து கன்னத்தைத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கழுத்தை அளந்தார். இன்னொருவர் அவளுடைய அம்மா எதில் செத்தாள் என்று கேட்டார். வாயைத் திற என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளும் இஞ்சி ரொட்டியை மற்றப் பக்கமாகவே மென்றாள்.

இப்படி நாலைந்து கூட்டம். ஃபென்னாவுக்கும் ருசி கண்டுவிட்டது. தன் வலியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். முதலில் ஊசி குத்தியது, பிறகு ஆணி, கடைசிக் கூட்டத்தில் படகு நங்கூரமே தாடையில் இறங்கிவிட்டது. ஊரில் எல்லோரும் அவளைத் தாடைக்காரி என்று கூப்பிட, அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எல்ட்யோ ஹொம்மெஸுக்கு முகத்தில் வலி வந்தது. கரிமண் வெட்டும் நிலத்தில் பாதி அவருடையது. யாரையும் நம்பாத மனுஷர். பாதிரியார் ஜெபம் சொன்னால்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். டாக்டரையும் நம்பாமல் நேரே ஃபென்னா வீட்டுக்கு வந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

"இந்தா பாரும்மா, மத்தவங்க பேச்சு எனக்கு வேணாம். நீ குடிச்சவ. உண்மையைச் சொல்லு. குடிக்கலாமா?"

சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஒரு சொட்டு விடாம குடிச்சேங்க. ரெண்டு புட்டி. இதோ, குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேனே."

"ஒன்னும் பண்ணலையே?"

"நாக்கு மட்டும் கொஞ்சம் மரத்துப்போகும். அதைக் கண்டுக்காதீங்க."

சலவைக்காரிக்கு ஐந்து சொட்டு என்றால் இவ்வளவு பெரிய மனுஷருக்குப் பத்தாவது வேண்டாமா என்று டாக்டர் கணக்குப் போட்டார். ஹொம்மெஸுக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது. காலையில் குடித்தார். நாக்கு மரத்தது, உதடு மரத்தது, கை சில்லிட்டது. அவர் மனைவி சீப்கே பயந்துபோய் டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். "மருந்து வேலை செய்யுதும்மா. ஃபென்னாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு." இன்னொரு வேளையும் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். கோயில் மணி மத்தியானம் அடிக்கும்போது சாவு வீடுகளில் செய்வதுபோல் சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டார்கள்.

சேதி வந்தபோது ஃபென்னா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கருகிய வாடை அடித்து நான் ஓடினேன். பாதிரியார் காலரில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஓட்டை.

"நான்தான்டி கொன்னேன்."

"வாயை மூடு. யார் காதுலயாவது விழப்போவுது."

"இவ்வளவு நாளா மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்? அதனாலதானே!"

ஊர்மன்றத்தில் விசாரணை நடந்தது. மாவட்டத்திலிருந்து நீதிபதி, நகரத்திலிருந்து இரண்டு பேராசிரியர்கள். டாக்டர் ஒன்னெஸ் தெம்பாகத்தான் இருந்தார். இதே மருந்தை இரண்டு புட்டி குடித்துக் குணமான பெண்மணி நம்மிடையே இருக்கிறார் என்று சொல்லி ஃபென்னாவை அழைத்தார். அவள் எழுந்தாள்.

"நான் குடிக்கலைங்க. எல்லாத்தையும் கால்வாய்ல கொட்டிட்டேன். வலி போனது பல்லைப் பிடுங்கினதால. வேணும்னா பாருங்க," என்று வாயை ஆவென்று திறந்தாள்.

நீதிபதி முதல் பேராசிரியரைப் பார்த்தார். தான் குடல்நோய் நிபுணர் என்றும், பல் தன் துறை இல்லை என்றும் அவர் சொல்லிவிட்டார். இரண்டாமவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு கருத்துச் சொன்னார்: கடும் வலியில் கிடந்த பெண்கள், அதிலும் படிக்காதவர்கள், மருந்து குடித்ததையே மறந்துவிடுவது உண்டாம். ஃபென்னா வாயைத் திறந்தபடியே நின்றாள். மூடச் சொல்லவும் ஆள் இல்லை.

தீர்ப்பு வந்தது. மருந்து சரி. அளவும் புத்தகத்தில் உள்ளபடி சரி. காலஞ்சென்ற ஹொம்மெஸின் இதயம்தான் மருந்துக்கு ஒத்துழைக்கவில்லை.

எழுந்து போகிற நேரத்தில் நீதிபதிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. "பல்லைப் பிடுங்கியது யார்?"

"கொல்லர் ஹார்முங்க," என்றாள் ஃபென்னா, அவனுக்கு நல்ல பேர் வாங்கித் தருகிற நினைப்பில்.

உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றம். ஹார்மை அங்கேயே நிறுத்தி அபராதம் போட்டார்கள்.

"நான் வைத்தியம் பார்த்தவ உயிரோட நிக்கிறா ஐயா," என்றான் ஹார்ம்.

"அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம்," என்றார் நீதிபதி.

ஹார்ம் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போவுது விடு. குதிரை உதைக்காத வருஷம் உண்டா?" என்றான். ஊர் அப்படி விடவில்லை. ரொட்டிக்கடையில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்: "இவ மட்டும் ஒழுங்கா மருந்தைக் குடிச்சுச் செத்திருந்தா, பாவம், அந்த மனுஷன் பொழைச்சிருப்பாரு." கேட்டவர்கள் எல்லோரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். டாக்டருக்கு நகரத்து மருத்துவமனையில் பெரிய வேலை கிடைத்தது. வழியனுப்பு விருந்தில் பதினாறு பேர் பேசினார்கள். விருந்து மேசை விரிப்பு ஃபென்னா வெளுத்தது.

அவள் சீப்கே வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டியது அதற்கடுத்த வாரம். துணைக்கு நானும் போனேன். சீப்கேயே வந்து திறந்தாள். கறுப்பு உடை, வெறுங்காது.

"நான் பொய் சொல்லிட்டேம்மா," என்றாள் ஃபென்னா.

சீப்கே கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் பொய் சொல்லல. அவருக்கு ஒன்னும் தெரியல, அவ்வளவுதான். என் புருஷன் என்னைக் கேக்கல. யார்மேல கோவப்படுறதுன்னே எனக்குத் தெரியல, ஃபென்னா. டாக்டர் தூரமாப் போயிட்டாரு. நீ கிட்டத்துல இருக்க. உன்மேலயே கோவப்பட்டுக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டுத் துணி நின்றது. அதைப் பார்த்து மற்றப் பெரிய வீட்டுத் துணிகளும் நின்றன. ஃபென்னா படகுக்காரர்களின் சட்டைகளைத் துவைத்துப் பிழைத்தாள். அவற்றுக்குக் கஞ்சியும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். கஞ்சி போட்ட கை சும்மா இருப்பதுதான் தண்டனை என்பாள். யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினாள். அதனால் இருந்த சில சிநேகிதிகளும் குறைந்தார்கள். என் புதுத் தொப்பி எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நானே ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, சீப்கே வீட்டு வேலைக்காரி ஒரு கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே கறுப்புத் துணி இல்லை. படுக்கை விரிப்புகளும் இரண்டு வெள்ளைத் தொப்பிகளும் இருந்தன. ஃபென்னா அன்று முழுக்க இஸ்திரி அடுப்பை அணைக்கவில்லை. சுவர் வழியாக எனக்குச் சூடு தெரிந்தது. கூடை அதற்கப்புறம் ஒவ்வொரு திங்களும் வந்தது. அவர்கள் இருவரும் பேசி மட்டும் நான் பார்த்ததில்லை.