மூக்கு அடைச்சிகினு கீது

எங்கள் வீட்டில் என்னைக் கிண்டல் செய்ய ஒரு விஷயம் போதும். யாராவது "மூக்கு அடைச்சிருக்கு" என்று சொன்னால் நான் உடனே "யாருக்கு?" என்று கேட்பேன். போன வாரம் தங்கை மகள், சிவந்துபோன மூக்கும் கையில் கைக்குட்டையுமாக என் எதிரிலேயே நின்று சொன்னாள். கேட்டேன். "பக்கத்து வூட்டுப் பூனைக்கு, பெரியம்மா" என்றாள். வீடே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அவள் ஆவி பிடிக்க வெந்நீரில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டேன். அந்த வாசனை எழும்பியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாசனை எனக்கு ஜலதோஷத்தின் வாசனை இல்லை. திருவொற்றியூரில், விம்கோ நகருக்குப் போகிற வழியில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட்டின் வாசனை. எழுபதுகளின் தொடக்கம். சோப்பு டப்பாவும் சீப்பும் செய்கிற கம்பெனி, நாலே நாலு மிஷின். நான் மூணாம் நம்பர் மிஷினுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, அச்சிலிருந்து வரும் டப்பாவில் காம்பு மாதிரி ஒட்டியிருக்கிற உபரி பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவிக்கொண்டிருப்பேன். உருகின பிளாஸ்டிக் நாற்றம் தலைமயிரில் ஏறி, சீயக்காய் போட்டாலும் இறங்காது. ராயபுரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் நாங்கள் ஏறினால், "சீப்பு கம்பெனி வந்துட்சி" என்று கண்டக்டர் சொல்வார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கோபம் கோபமாக வரும்.

மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஒரு இரும்புக் குழாய்க்குள் உருகி, அதன் நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாக அச்சுக்குள் பாயும். அந்த நுனிக்கு நாசில் என்று பெயர். மானேஜர் அப்படித்தான் சொல்வார். ஷெட்டில் நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு அது மூக்கு. மூக்கு ஒழுகும், மூக்கில் சளி கட்டும். ஷிப்டு முடியும்போது உள்ளே மிச்சமிருக்கிற சரக்கை வெளியே தள்ளிவிடுவதற்குப் பெயர் மூக்கு சிந்துவது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி தூரத்திலிருந்து "ஏய், மூக்கு சிந்து!" என்று கத்த, நான் பயந்துபோய் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்தார்கள்.

அதிகம் சிரித்தவர் தேவராஜ் அண்ணன். காலை ஷிப்டில் மூணாம் நம்பரை ஓட்டியவர். மூக்கைச் சுத்தம் செய்வதில் அவரை மாதிரி ஆளைப் பார்க்க முடியாது, சும்மா சொல்லவில்லை. தானே தேய்த்துச் செய்த பித்தளைக் கம்பி ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். சனிக்கிழமை தோறும் மூக்கைச் சூட்டோடு கழற்றி, உள்ளே கருகி ஒட்டினதைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்ப்பார். யாராவது அவசரத்துக்கு இரும்பு ஊசியை எடுத்தால் போச்சு. "இரும்ப வச்சி நோண்டாதடா! உள்ள கீறிகிச்சின்னா சரக்கு அங்கயே குந்திகினு கருகும்" என்று சீறுவார். வெள்ளை டப்பாவில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மதிய ஷிப்டில் அதே மிஷினுக்கு ஆரோக்கியம் அண்ணன். எங்கள் மாதா கோவில் பங்குக்காரர், ராயபுரம். ரெண்டு பேரும் அப்படி ஒரு தோஸ்து. ஒருவர் வந்து மிஷினில் கை வைக்கும்வரை மற்றவர் நகர மாட்டார். கிறிஸ்துமஸ் பிரியாணி வியாசர்பாடியில் தேவராஜ் அண்ணன் வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரும்.

அந்த வாரம் தேவராஜ் அண்ணனுக்கு நல்ல ஜல்பு. கழுத்துத் துண்டில் நீலகிரித் தைலத்தை ஊற்றிக்கொண்டு, அதை மூக்கில் வைத்தபடியே ஓட்டினார். வியாழக்கிழமை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ரெண்டு மணிக்கு மணி அடித்தது. அன்றைக்குப் பார்த்து ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள், ஆரோக்கியம் அண்ணன் வரவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். குரல் கமறியிருந்தது.

"தங்கச்சி, மூக்கு அடைச்சிகினு கீது. ஆரோக்கியம் வந்தா சொல்லிடு. என்னால நிக்க முடில, நான் கெளம்பறேன்."

துண்டு மூக்கில், கண்ணில் தண்ணீர். நான் தலையாட்டினேன். மிஷின் நின்றிருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். ஷிப்டு மாறும்போது நிற்பது வழக்கம்தானே?

அஞ்சு நிமிஷத்தில் ஆரோக்கியம் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "எங்க அவன்?"

"அண்ணனுக்கு மூக்கு அடைச்சிகினு கீதாம். பூட்டாரு."

அண்ணனுக்கு. அந்த ஒரு வார்த்தை நான் போட்டது.

"அவனுக்கு என்னிக்குதான் அடைக்கல" என்று சிரித்துக்கொண்டே மிஷினைப் போட்டார். சரக்கு வரவில்லை. சூடு ஏறவில்லை போலிருக்கிறது என்று சூட்டைக் கூட்டிவிட்டு மறுபடியும் அழுத்தினார். வரவில்லை. என்னவென்று பார்க்க மூக்குக்கு நேராகக் குனிந்தார். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். உள்ளே தேங்கி நின்ற கொதிக்கிற பிளாஸ்டிக் மொத்தமும் அவருடைய வலது கன்னத்திலும் கண்ணிலும் அடித்தது. அது தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மேஸ்திரி மூக்கைக் கழற்றிப் பார்த்தார். அரைத்துப் போட்ட பழைய பிளாஸ்டிக்கோடு ஏதோ இரும்புத் துண்டு வந்து துளையில் சிக்கியிருந்தது. "மூக்கு அடைச்சிகினு கீதுப்பா. யாரும் சொல்லலியா?" என்றார் மேஸ்திரி.

அதே வார்த்தைகள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஐயோ, இதைத்தான் அவர் சொன்னார்.

மூன்றாம் நாள் மானேஜர் அறையில் விசாரணை. அவரும், தேவராஜ் அண்ணனும், நானும் மட்டும். அண்ணன் தெளிவாகச் சொன்னார்: "மூக்கு அடைச்சிகினு கீதுன்னு இந்தத் தங்கச்சியாண்ட சொல்லிட்டுதான் சார் போனேன்."

மானேஜர் படித்தவர், நல்ல தமிழ் பேசுபவர். அவர் முன்னால் என் நாக்கு தானாகத் திருந்திவிடும். "என்னம்மா சொன்னார் உங்கிட்ட?" என்றார்.

அப்பா ஹார்பர் வேலையில் கால் நசுங்கி வீட்டில் படுத்திருந்தார். தங்கைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். என் வேலை போனால் அடுப்பு எரியாது. இதெல்லாம் உண்மை. நான் கோழை என்பதும் உண்மை.

"ஜலதோஷம்னு சொன்னார் சார்."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் யாரும் ஜலதோஷம் என்று சொல்ல மாட்டோம், ஜல்பு என்றுதான் சொல்வோம். அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்கவே முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மானேஜருக்குத் தெரியாது.

"மூக்குன்னா மிஷினு மூக்கு சார்" என்றார் அண்ணன், கெஞ்சுகிற மாதிரி.

"நாசில் என்றால் நாசில் என்று சொல்ல வேண்டியதுதானே? ஏம்மா, மிஷினைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல சார்."

மிஷின் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லைதானே. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்தேன். அவர் வேலை போயிற்று. போகும்போது பித்தளைக் கம்பியை இடுப்பிலிருந்து எடுத்து மூணாம் நம்பர் மேல் வைத்துவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆரோக்கியம் அண்ணன் ஆறு மாதம் கழித்து வந்தார். ஒரு கண் இல்லை, கன்னம் இழுத்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேனாகப் போட்டார்கள். "என் தோஸ்து. ஒரு வார்த்தை சொல்லாம பூட்டான் பாரு" என்று கேட்டில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார். தேவராஜ் அண்ணன் ரெண்டு தடவை அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனாராம். இவர் கதவைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு மூன்று வரிசை முன்னால் அந்தக் கன்னம் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். போய் அந்த மனுஷனிடம் சொல் என்றார். ஜெபமாலை நூறு தடவை சொன்னேன், மனுஷனிடம் சொல்லவில்லை.

பத்து வருஷம் போயிற்று. தேவராஜ் அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்று பழைய மேஸ்திரி சொல்லித் தெரிந்தது. மறுநாள் காலை எந்தத் தைரியத்தில் போனேனோ, ஆரோக்கியம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முழுக்கக் கேட்டார். பிறகு, "அவன் எப்டி சொன்னானோ அப்டியே சொல்லு. உன் பேச்சு வோணாம்" என்றார்.

"மூக்கு அடைச்சிகினு கீது. ஆரோக்கியம் வந்தா சொல்லிடு."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.

"எம் பேர சொன்னானா?"

"சொன்னாருண்ணா."

"சொல்லிட்டுதான் போய்கீறான்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். இருந்த ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "நேத்து அவன எடுத்தாங்க. அவன் தெருமுனை வரைக்கும் போனேன். போயி, திரும்பி வந்துட்டேன். ஒரு நாளு முன்னாடி வந்து இத சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"



அவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஷெட் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. மூணாம் நம்பர் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ, அதன் மேலிருந்த பித்தளைக் கம்பியை யார் எடுத்துக்கொண்டார்களோ. மூக்கு என்றால் மிஷினின் மூக்கு என்று புரிந்துகொள்கிற ஆள் இனி யாரும் இல்லை. ஆவி பிடித்து முடித்த தங்கை மகள் போர்வைக்குள்ளிருந்து முகத்தை நீட்டி, "பெரியம்மா, இன்னும் அடைச்சிதான் இருக்கு. எனக்கு, எனக்கு" என்று முந்திக்கொண்டாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் கண்ணு, யாருக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். பாவி, அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.