கீறல் கட்டிய அடுப்படி

என் அண்ணனுக்கு ஆலையில் வைத்த பெயர் கீறல். தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் செய்யும் ஆலையில் முப்பத்தோரு வருடம் தரம் பார்க்கிற வேலை. விளக்குக்கு அடியில் டைல்ஸைச் சாய்த்துப் பிடிப்பான். மயிரிழை அளவு கோடு தெரிந்தாலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவான். அந்த வேலைக்கு அவனைப் போல ஆள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு குறை கண்டுபிடிப்பது ஒரு தொழில். வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறவனை என்னவென்று சொல்வது?

அவன் வீட்டு சோபாவுக்கு வயது இருபத்தொன்பது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று கஞ்சனைச் சொல்வார்கள். இவன் ஓட்டுவான், காக்கா உட்கார்ந்தால் கறை படுமே என்று.

இவனிடம் மாட்டிக்கொண்டவள் அண்ணி. அவளுக்கு மூன்று அக்காக்கள். கல்யாணமான இந்த இருபத்தொன்பது வருடத்தில் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத் தன் கையால் ஒரு வேளை சோறு போட்டதில்லை. "பெயின்ட் அடிச்சு முடியட்டும்" என்பான். அடித்து முடித்ததும், "இப்பதானே பெயின்ட் அடிச்சிருக்கு" என்பான்.

ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் பின்னால் விருந்துக்கென்றே திறந்தவெளியில் ஒரு அடுப்படி. கல்மேடை, இரட்டை அடுப்பு, பன்னிரண்டு பேர் உட்கார இடம். "புகை, எண்ணெய் எதுவும் வீட்டுக்குள்ள வராது. உன் அக்காங்கள எத்தனை தடவ வேணும்னாலும் கூப்பிடு" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறான். அவள் ஓடி வந்து என்னிடம் சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்து நானும் நம்பித் தொலைத்தேன்.

நான் ஒரு அலுவலக கேன்டீனில் சமையலுக்குப் பொறுப்பு. தினமும் இருநூறு பேர். அதனால் திட்டம் போட என்னிடம்தான் வந்தான். அவனுக்காக இல்லை, அண்ணிக்காகச் சொன்னேன். தண்ணீர், நறுக்குகிற பலகை, தீ மூன்றும் இரண்டு எட்டுக்குள் இருக்க வேண்டும். கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி வைக்க அடுப்புக்கு இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு வெறும் கல் வேண்டும். மேடை அண்ணியின் முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும், அவன் முழங்கைக்கு இல்லை. சமைக்கிறவள் சுவரைப் பார்த்து நிற்கக் கூடாது, வந்தவர்கள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். குளிர்பானப் பெட்டி உட்காருகிறவர்கள் பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆளாளுக்கு அடுப்புக்குக் குறுக்கே வருவார்கள். ஒரு வாரம் சாயங்காலம் பழைய பேப்பரைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்கச் சொன்னேன். பத்து நாள் பார்த்தான். பத்து நாளும் சாம்பலை அள்ளித் தரையைத் துடைத்தான்.

சொன்னதை அங்குலம் பிசகாமல் கட்டினான். கொத்தனார் இரண்டு முறை வேலையை விட்டு ஓடி, இரண்டு முறை திரும்பி வந்தார். முடிந்ததும் நான் போய் நின்று பார்த்தேன். கை நீட்டின இடத்தில் எல்லாம் இருந்தது. என் கேன்டீனில்கூட அப்படி ஒரு வசதி கிடையாது. கட்டினவனைத் தவிர ஒரு குறை சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியின் மூத்த அக்கா வெளிநாட்டில் மகனோடு போய் இருந்துவிடுவதென்று முடிவானது. அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தாயிற்று. போனால் திரும்ப மாட்டாள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காக்கள் மூன்று பேரும் சாப்பிட வருவதென்று ஏற்பாடு. காலையிலேயே அண்ணி மீன் வாங்கி மசாலா தடவி ஊற வைத்துவிட்டாள். தங்கை பொரிக்கிற மீன் என்றால் மூத்தவளுக்கு உயிர்.

பதினோரு மணிக்கு நான் போனபோது அடுப்பின் மேல் ஒரு உறை கிடந்தது. ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தான்.

"என்னண்ணே இது?"

"மீன் பொரிச்சா எண்ணெய் தெறிக்கும். இந்தக் கல்லு எண்ணெய குடிச்சிடும். ஒரு தடவ கறை புடிச்சா அப்புறம் போகவே போகாது."

"அடுப்புன்னா எண்ணெய் தெறிக்காம பன்னீரா தெறிக்கும்?"

"சாப்பாட்டுக்கு ஓட்டல்ல சொல்லிட்டேன். பொட்டலம் வந்துடும். இன்னிக்கு எல்லாரும் இடத்தப் பாக்கட்டும். சமையல அப்புறம் வெச்சுக்கலாம்."

அப்புறமாம். மூத்தவளுக்கு ஏது அப்புறம்? அண்ணி மீன் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்றிருந்தாள். எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடத் தோன்றியது.

அக்காக்கள் வந்தார்கள். இருக்கை மெத்தைகளுக்கு உறை இன்னும் தைத்து வரவில்லை. உட்காரப் போனவர்களிடம் "கொஞ்சம் பாத்து" என்றான். எதைப் பார்த்து உட்காருவது? காகிதத் தட்டோடு மதில் ஓரமாக வரிசையாக நின்றார்கள். மூத்தவள் ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு, "நல்லா கட்டியிருக்கீங்க மாப்பிள்ள. கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். மாப்பிள்ளை அவள் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தட்டிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு தரையில் விழுந்தது. ஒரே பாய்ச்சலில் துணியோடு போய் அவள் கால்மாட்டில் குந்தித் துடைத்தான்.

அவள் தட்டை மடித்து மதில்மேல் வைத்துவிட்டாள். "போதும்மா, வயிறு நெறஞ்சிடுச்சு" என்றாள். இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட கேன்டீன் சாவி இருக்கா?"

இருந்தது. ஞாயிறு கேன்டீனுக்கு விடுமுறை. மீன் பாத்திரத்தோடு ஐந்து பேரும் ஒரே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். அவன் தரையில் இன்னும் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான்.

என் சமையலறை அழகுக்குப் பரிசு வாங்காது. சுவரில் பதினெட்டு வருட எண்ணெய். தரையின் பழைய நிறம் எனக்கே மறந்துவிட்டது. தண்ணீருக்கும் அடுப்புக்கும் நடுவே ஒன்பது எட்டு நடக்க வேண்டும். அண்ணி நடந்தாள். அக்காக்கள் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார்கள். மீனை எண்ணெயில் போட்டதும் சுவரில் தெறித்தது, தரையில் தெறித்தது, கிட்டே வந்து எட்டிப் பார்த்த மூத்தவளின் நல்ல சேலையிலும் தெறித்தது. அண்ணி பதறிப்போய்த் துணியைத் தேடினாள்.

"விடுடி. இந்தக் கறை இருக்கட்டும், போற எடத்துக்குக் கொண்டுபோறேன்" என்றாள் மூத்தவள். பிறகு அவளே இன்னொரு துண்டு மீன் கேட்டாள்.

மூன்று மணி வாக்கில் கீறல் வந்து வாசலில் நின்றான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மிஞ்சின பொட்டலங்களை என்ன செய்வதென்று கேட்க வந்தானாம். பச்சைப் பொய், மீன் வாசனைக்கு மூக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனவன் தரையைப் பார்த்துவிட்டுக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

இத்தனை வருடத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அண்ணி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல் சொன்னாள்: "அங்கேயே நில்லுங்க. உள்ள வந்தா கறை பட்டுடும்."

இரண்டு துண்டு மீனை ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டையில் படாமல் முன்னால் குனிந்து, தெரு ஓரத்தில் நின்றபடியே தின்றான். எனக்குப் பாவமாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

மூத்த அக்கா வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். கல்மேடையை அவன் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைக்கிறான். அடுப்பின் மேல் ஒட்டின டேப் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணி மற்ற இரண்டு அக்காக்களோடு வந்து என்னிடம் சாவி வாங்கிக்கொண்டு போகிறாள்.