தண்ணீர் தெளித்தால் எழும் மாலை

அம்மா இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். தொழில் துணி, பைத்தியம் நகை. தங்கம் அல்ல. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூடு. ஊரே முதுகு தேய்க்கும் பொருளை இவள் கழுத்துக்கு ஏற்றினாள்.

நாரை இதழ் இதழாக வெட்டுவாள். வெங்காயத்தோல் சாயத்தில் ஊறவைத்து, ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவாள். காய்ந்ததும் அட்டைபோல் தட்டையாகிவிடும். அடுக்கடுக்காகக் கோத்தால் மாலை.

"நனைஞ்சா திரும்ப உப்பிடும்மா. வார்னிஷ் அடி," என்றேன். பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை.

"உப்பட்டுமே. நகை போட்டா ஏன் எல்லாரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்கறாங்க? என் நகையைப் போட்டா சிரிக்கணும், இன்ஜினியரே."

கலை நகைக் கண்காட்சியில் தன் மாலை இருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கண்காட்சி நடத்தும் பெண்மணி கடைக்கே வந்தார். மாலையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

"அழகா இருக்கும்மா. ஆனா உயிர் இல்ல."

"உயிர்தானே? இருங்க மேடம்."

துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை அம்மா எடுத்தாள். நான் தடுப்பதற்குள் புஸ், புஸ், புஸ்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மாலை சோம்பல் முறித்தது. இதழ்கள் உப்பி, காலரைத் தள்ளி, காதுவரை ஏறி, மேடத்தின் மோவாயைத் தூக்கி நிறுத்தின.

"ஐயோ, என்னை முழுங்குதுங்க!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார். அடுத்து சிரிப்பு. நிற்க முடியாமல் யாருடையதோ போர்வை மூட்டையில் சரிந்தார்.

"அக்கா, அவங்க சட்டைக்கும் சேத்து இஸ்திரி போடணும் இப்ப," என்றாள் சித்தி, அம்மாவின் தங்கை. கடையில் பாதி அவளுடையது.

மாலை தேர்வானது. அம்மாவின் இதயம் திறப்பு விழாவரை தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "விழாவுல நீ போட்டுக்க. மூஞ்சிய உம்முனு வச்சிருந்தே, எழுந்து வந்துருவேன்."

போட்டுக்கொண்டேன். வெள்ளைச் சட்டை, சித்தி மறுபடி இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிய மாலை, உம்மென்ற மூஞ்சி. வந்தவர்கள் துக்கம் விசாரிக்கும் குரலில் மாலையைப் பாராட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

சித்தி குப்பியோடு எதிரே வந்து நின்றாள்.

"நீயா சிரிக்கிறியா, நான் தெளிக்கவாடா?"

"முடியல சித்தி."

புஸ்.

மாலை எழுந்தது. மோவாய் எழுந்தது. அழுகிற முகத்தைக் கவிழ்க்க வழியில்லை. மூக்குக்கண்ணாடி நெற்றிக்குப் போயிற்று. ஒரு நார் காதுக்குப் பின்னால் நுழைந்து குறுகுறுத்தது. சின்ன வயதில் அம்மா கிச்சுகிச்சு மூட்டும் அதே இடம்.

கேவலாகத் தொடங்கியது, பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது. மேடம் சிரித்தார். கூடமே சிரித்தது. அம்மா அதே நாரில் செய்த சின்னச் சின்னப் பூக்களை மேசையிலிருந்து எடுத்து ஆளாளுக்குக் குத்திக்கொண்டு, "எனக்குத் தெளிங்க, எனக்கு!" என்று சித்தியை மொய்த்தார்கள். தண்ணீர் தீர்ந்து அவள் குழாய்க்கு ஓடினாள்.

நான் கண்ணும் மூக்கும் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஈரத்துக்கும் மாலை இன்னும் கொஞ்சம் உப்பியது.