மூன்று பாட்டுக்கு மூன்று மென்பொருள்

ஓட்டைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு "பாட்டு ரெகார்டிங் செய்து தரப்படும்" என்று போர்டு மாட்டுகிறவனுக்கு இரண்டு எதிரிகள்: மின்விசிறியும் மென்பொருளும். அந்த இரண்டிடமும் அடிபட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ஓசூரில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். பழைய கேசட்டை சி.டி.யாக்கித் தருவது கூடுதல் தொழில். எல்லாம் ஹெல்ப் மெனுவை அகராதி வைத்துப் படித்துக் கற்றதுதான். ஒரு நாள் வசந்தா வந்தார். கேபிள் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்த மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடகி தேடுகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒவ்வொரு பாட்டு பாடி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு சி.டி.யோடு வரச் சொல்லியிருந்தார்கள். பெங்களூர் ஸ்டுடியோவெல்லாம் அவருக்குக் கட்டுப்படியாகாது. கையில் இரண்டே வாரம். "செய்துவிடலாம்மா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது!

அறுபதாவது நொடி

விண்டோஸிலேயே ஒரு ரெகார்டர் இருந்தது. இருப்பதை விட்டுவிட்டு வெளியே தேடுவானேன்? சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். வசந்தா கண்ணை மூடிப் பாடினார். என்ன குரல்!

முடிந்ததும் போட்டுப் பார்த்தால் பாட்டு சரணத்தின் வாசலில் பொட்டென்று நின்றது. அந்த ரெகார்டர் ஒரு நிமிடத்துக்கு மேல் பதியாதாம். மேலே நொடிக்கணக்கு ஓடி நின்றதை நான் பார்க்கவேயில்லை, பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏங்ணா, பல்லவிக்கு மட்டுந்தான் பர்மிஷனா?"

சேமிக்காத பிரமாதம்

அடுத்தது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் கிடைத்தது. திரை முழுக்கப் பச்சை விளக்கும் குமிழுமாக, விமானத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. என்னிடம் இருந்ததோ ஒரே மைக். வசந்தாவையும், அவர் கணவர் முனிராஜின் டோலக்கையும் சேர்த்து வைத்தால் டோலக் குரலை விழுங்கிவிடும். இதில் தனித்தனியாகப் பதிந்து ஒன்றின் மேல் ஒன்று வைக்கலாம். அவரும் கம்பெனித் தொழிலாளி, வசந்தாவைப் போலவே காலை முதல் ஷிப்டு. போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்துவிடுவார். இரண்டு மாலை உட்கார்ந்து தமிழ்ப் பாட்டை முடித்தோம். மூன்று பேரும் கைதட்டினோம்.

சேமிக்கப் போனேன். இது மாதிரிப் பதிப்பு, எல்லாம் செய்யலாம், சேமிக்க மட்டும் முடியாது என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னது. முனிராஜுக்குத் தமிழில் சொன்னேன். அவர் டோலக்கை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "பொண்ணு பார்த்து, பூ வெச்சு, பந்தியும் போட்டாச்சு. தாலி மட்டும் கட்டக் கூடாதுங்களா சார்?"

ஒரு நூல் தள்ளினேன்

மூன்றாவதைப் பிரவுசிங் சென்டரில் ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்து இறக்கினேன். முழு இலவசம். பார்க்க அழகில்லை, ஆனால் சேமித்தது! முதலில் அதைத்தான் சோதித்தேன். குரலைப் பதிந்து, ஹெட்போனில் அதை முனிராஜுக்குக் கேட்கவிட்டு டோலக்கைப் பதிந்தேன். திருப்பிப் போட்டால் ஒவ்வொரு அடியும் பாட்டுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. வசந்தா கணவரை முறைத்தார். பாவம், அவர் மறுபடி வாசித்தார். மறுபடி அதே நொண்டல்.

தப்பு அவர் கையில் இல்லை, என் கம்ப்யூட்டர் சத்தத்தை வாங்கி எழுதவே தாமதம் செய்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. டோலக் பதிவை மவுஸால் பிடித்து இடப்பக்கம் ஒரு நூல் தள்ளினேன். டக்கென்று தாளத்தில் உட்கார்ந்தது! நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். என் மனைவி தவறிப்போன பிறகு சாயங்காலங்களைக் கண்டு பயந்துகொண்டிருந்தவன் நான். அந்த வாரம் சாயங்காலம் போதவில்லை. முனிராஜ் மனைவி பக்கம் திரும்பினார். "பார்த்துக்கோ, நான் லேட் இல்ல. சார் கம்ப்யூட்டருதான் செகண்ட் ஷிப்டுக்கு வந்திருக்குது."

எது இரைச்சல்?

தமிழும் தெலுங்கும் முடிந்தன. வெள்ளிக்கிழமை கன்னடப் பாட்டு. பின்னால் ஃபேன் சத்தம் நன்றாகவே கேட்டது. இரைச்சல் இருக்கும் இடத்தை ஒரு துளி காட்டினால், பாட்டு முழுக்க அதைத் துடைத்துத் தருகிற வசதி இந்த மென்பொருளில் இருந்தது. வசந்தா பாட ஆரம்பிக்கும் முன்னால் இருந்த நாலு நொடியைக் காட்டினேன். அந்த நாலு நொடியில் ஃபேனோடு ஸ்ருதிப்பெட்டியும் ஓடிக்கொண்டிருந்ததை யோசிக்கவில்லை.

சொன்ன வேலையை மென்பொருள் ஒழுங்காகச் செய்தது. ஃபேனும் இல்லை, ஸ்ருதியும் இல்லை, குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. உற்சாகத்தில் அதே பெயரில் சேமித்தும் தொலைத்தேன், முதல் பதிவும் அதோடு அழிந்தது. சனிக்கிழமை ஒரே மாலைதான் பாக்கி. ஃபேனை நிறுத்தி, ஷட்டரை இறக்கினேன். வேர்க்க விறுவிறுக்க வசந்தா மறுபடி பாடினார். ஒரே தடவையில் முடிந்தது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹார்ன் அடித்ததைத் துடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே வசந்தா சொன்னார்: "விட்டிருந்தா என்னையும் இரைச்சல்னு எடுத்திருப்பீங்ணா!"

கிருஷ்ணகிரியில்

ஞாயிறு காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். குழுவின் உரிமையாளர் தனபால் சி.டி.யைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வசந்தா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். மூன்றாவதில் லாரி வந்தது. கண்ணைத் திறந்து, "நடுவுல ஹார்ன் வாசிச்சது யாருங்க?" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்க சார், ரெகார்டிங் படுமோசம். இதுலயே குரல் இப்படி நிக்குதுன்னா மேடையில எப்படி நிக்கும்! ஏம்மா, வர்ற வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளியில கச்சேரி, ஆறு மணிக்கெல்லாம் வந்துடு."

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு எவ்வளவோ சுத்தமாகப் பதிந்து கொடுத்துவிட்டேன், அதில் ஒருவருக்காவது சான்ஸ் கிடைத்ததாக இதுவரை தகவல் இல்லை.