நல்ல தண்ணீர் ஊற்றினேன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒன்று என் நாத்தனார் விட்டுப் போனது. நால்வருக்கும் சோறு போட்டது காசிமேட்டு மீன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை, யாரிடமும் மன்னிப்பு என்று கேட்டதும் இல்லை. அதைப் பெருமையாகத்தான் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு, பங்குனி வெயிலில், திருவொற்றியூரில் கடலைப் பார்த்த எங்கள் வீட்டில். வீட்டில் பெரிய மகன், மருமகள், அவர்களுடைய ஒரே மகள், நான். பேத்திக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்குப் பேச்சு திக்கும். எங்கள் குடும்பமோ ஏலம் கேட்டுப் பழகிய வாய். மீன் ஏலத்தில் ஒரு மூச்சு தாமதித்தால் கூடை வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் அவள் 'த... த...' என்று தொடங்கும்போதே "தண்ணியா, தட்டா?" என்று நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். பிள்ளைக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைப்பு.

புதுசாக வருகிற மிஷின்கள் எதுவும் எனக்குப் பிடிக்காது. அதை மறைக்கவும் மாட்டேன். மகன் வாங்கிக் கொடுத்த போனில் பட்டனே இல்லை, வெறும் கண்ணாடி. என் விரல் ரேகை மீன் செதிலோடு போய்விட்டது. ரேஷன் கடை மிஷினும் என்னை மதிப்பதில்லை, இந்தக் கண்ணாடியும் மதிப்பதில்லை. மருமகளின் தம்பி ஒரு உருண்டையைக் கொண்டுவந்து வைத்தான், கேட்டால் பதில் சொல்லுமாம். "இன்னா, மழை வருமா?" என்று கேட்டேன். மன்னிக்கவும், புரியவில்லை என்று வாத்தியார் மாதிரி சொன்னது. மகன் கையில் ஒரு கடிகாரம், எத்தனை அடி நடந்தான் என்று எண்ணுகிறதாம். நான் தலையில் கூடை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேனே, அதை யார் எண்ணினார்கள்?

எல்லாவற்றிலும் எனக்கு ஆகாதது அந்த ஆட்டப் பெட்டி. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிற மகன், கூட வேலை செய்கிறவரிடம் பழையதாக வாங்கி வந்தான். இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த மாதிரி கறுப்பாக இருக்கும். டிவியில் மாட்டிவிட்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, வாயருகே ஒரு குச்சி மைக்கை வைத்துக்கொண்டு பேத்தி உட்கார்ந்துவிடுவாள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து ஆடுவார்களாம், பேசிக்கொள்வார்களாம். மூடின கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சிரிப்பு கேட்கும். எங்களோடு உட்கார்ந்து அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்கு எரியும்.

"மனுசங்க கைல பேசாதது, மிசினு கைல இன்னாடா பேச்சு?" என்று மகனிடம் கேட்டேன்.

"வுடும்மா. புள்ள வாய தொறக்கறதே அதுலதான்" என்றான்.

அவன் சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

அந்தப் பங்குனியில் பெட்டி உறும ஆரம்பித்தது. தொட்டால் சுடும். ஆட்டம் நடுவில் நின்றுவிடும். பேத்தி நோட்டுப் புத்தகத்தால் அதற்கு விசிறிக்கொண்டே ஆடுவாள், ஜுரம் வந்த குழந்தைக்கு விசிறுகிற மாதிரி. எங்கள் பக்கம் கடல்காற்றில் ஒரு ஆணி ஆறு மாதம் தாங்காது. ஜன்னல் கம்பி, மிக்சி, பிரிட்ஜின் கால், எல்லாவற்றையும் உப்பு தின்றுவிடும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். திருகாணிகள் துரு. காற்று போகிற ஓட்டைகளில் உப்பும் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் அப்பியிருந்தது. ஓகோ, இதுதானா என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பைபர் படகு வைத்திருந்தவர். கரை ஏறியதும் இன்ஜினைக் கழற்றி, டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் நிறுத்திக் கொஞ்ச நேரம் ஓட்டுவார். உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜினுக்கு நல்ல தண்ணீர் குடிக்கக் கொடுக்காவிட்டால் அது செத்துப் போகும். அவருக்கு உடம்பு முடியாத நாட்களில் நானே செய்திருக்கிறேன். இன்ஜின் வைத்தியம் எனக்குச் சொல்லித்தர யாரும் வேண்டாம்.

மறுநாள் எல்லாரும் வெளியே போன பிறகு பெட்டியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனேன். லாரித் தண்ணீர் இரண்டு குடம், மேல் ஓட்டை வழியாக மெதுவாக ஊற்றினேன். கீழே சாம்பல் நிறத்தில் வழிந்தது. தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றினேன். வெயிலில் கவிழ்த்துக் காய வைத்து, திருகாணிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கெட்டுப் போகட்டும் என்றா ஊற்றினேன்? இல்லை. ஆனால் தண்ணீர் உள்ளே இறங்கும்போது, போனால் போகட்டும் என்று ஒரு எண்ணம் ஓடவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சுவிட்சைப் போட்டாள். படீரென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, தீய்ந்த நாற்றம். வீட்டில் மின்சாரமே போய்விட்டது. அவள் கை ஒரு சாண் தள்ளி இருந்ததால் பிழைத்தாள். எனக்கு மூச்சு வந்ததும் முதலில் அவள் கையைத்தான் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவள் கையை உருவிக்கொண்டு பெட்டியைத் தொட்டாள். விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆ... ஆயா... நீ..."

"நான்தான்மே கழுவுனேன். உப்பு ஏறிப் போய்க் கெடந்துச்சு. உங்க தாத்தாவோட போட்டு இன்ஜினுக்கு ஊத்தற மாரி நல்ல தண்ணி..."

"அ... அதுல... அ..."

"அதுல இன்னா? ஆட்டம்தானே? உங்கப்பன் வேற வாங்கித் தருவான், போ."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற மாதிரி, மெதுவாக, முழுசாக.

இரண்டு நாள் கழித்து அவளையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு கல்மண்டபம் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். திறந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"இன்னா ஆயா நீ? இதுக்குத் தண்ணி காட்ட, இது இன்னா போட்டு இன்ஜினா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்கூட்டு இன்ஜினு பன்னண்டு வருசம் ஓடுச்சு நைனா. உன் பெட்டி ரெண்டு கொடம் தண்ணி தாங்கல. எது ஒஸ்தி, சொல்லு."

இன்னும் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை. போர்டு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அவளிடம் கேட்டார். "வேற வாங்கற வரிக்கும் போன்ல ஆடேன் பாப்பா?"

"போ... போன்ல..."

"போன்ல அந்த ஆட்டம் வராதாம்" என்று நான் நுழைந்தேன்.

அவர் திருப்புளி பிடித்த கையை என் பக்கம் தூக்கினார். "இரு ஆயா. பாப்பா சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் ரயிலு போவல."

திருப்புளியை மேஜையில் வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே பேருந்து ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவ்வளவு நேரம் ஆயிற்று அவளுக்கு.

"கூ... கூட ஆடறவங்க நம்பரு எங்கிட்ட இல்லண்ணா. நெ... நெஜப் பேரு கூட தெரியாது. அ... அஞ்சு பேரு. நான் தி... திக்குனா, அவங்க வெயிட் பண்ணுவாங்க. யா... யாரும் நடுவுல எடுத்துச் சொல்ல மாட்டாங்க. வூ... வூட்லதான்..."

அதோடு நிறுத்திவிட்டாள். அந்தப் பேச்சை அவள் முடிக்கவில்லை. முதல் தடவையாக நானும் முடிக்கவில்லை. மீதி என்ன என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வருகிற பேருந்தில் பெட்டி என் மடியில் இருந்தது. மன்னிச்சுக்கோ கண்ணு என்று சொல்ல, தேரடியில் இறங்கும்வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன வருஷம் மகன் வேறு ஒன்று வாங்கினான். வெள்ளையாக, ஒல்லியாக, உறுமவே உறுமாது. நல்ல பெட்டிதான் என்று நானே சொல்வேன். ஆனால் அந்த ஐந்து பேரும் ஆட்டத்தில் இல்லை. பத்து நாள் தேடினாள். வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்களோ, இவள் சொல்லாமல் போய்விட்டாள் என்று நினைத்தார்களோ, யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு காதில் மாட்டுவதை எடுத்துச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டாள். பெட்டியிலும் சத்தம் இல்லை, வீட்டிலும் சத்தம் இல்லை.

இப்போது நான் நடுவில் நுழைவதில்லை. எத்தனை நேரமானாலும் நிற்கிறேன். ஆனால் சோறு, போதும், சரி என்று ஒற்றை வார்த்தையோடு முடித்துக்கொள்கிறாள். நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டபோது அவள் சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டி இதை எழுதப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒரே ஒரு வார்த்தை எழுத வரவில்லை, அவளிடமே கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்: மன்னிப்பு. உப்பு எங்கே ஏறியிருந்தது என்று தெரியாமல் ஊற்றிய அந்த இரண்டு குடம் தண்ணீரும் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது, இறக்கி வைக்க இடம் இல்லை.

பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் யாராவது ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறேன், எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தா கண்ணு, இதப் படி. வாய் வுட்டுப் படி. எங்க நிக்குதோ அங்க நில்லு. ஆயா எங்கயும் போவல.