பச்சைத்தண்ணீர்ச் சங்கத் தலைவரின் பாய்லர்

எங்கள் கடலோர ஊரான ரேவன்பியில் ரோலண்ட் தாக்ரேயைத் தெரியாதவர்கள் இல்லை. ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப்பேரை ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியவர். என்னை இரண்டு தடவை. வேலையை விட்ட பிறகு ஃபெயில் ஆக்க ஆளில்லாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் கார் நிறுத்துகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு நாள் கடலில் இறங்கினார்.

எங்கள் கடல் ஆகஸ்டில்கூடக் கணுக்காலைக் கடிக்கும். இவர் இறங்கியது நவம்பரில். கரைக்கு வந்தபோது நாயோடு உலாத்த வந்த நாலைந்து பேர் கைதட்டினார்கள். உத்தியோக காலம் முழுக்க அவருக்கு யாரும் கைதட்டியதில்லை. அடுத்த ஞாயிறும் இறங்கினார். இரண்டு வருடத்துக்குள் பச்சைத்தண்ணீர் நீச்சல் சங்கம் ஒன்று உருவாகி, இருபது முப்பது பேர் சேர்ந்து, ரோலண்ட் அதன் தலைவராகவும் ஆகிவிட்டார். மீசையில் பனித்துகளோடு வாரப் பத்திரிகையில் படம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசினார்.

“சுடுதண்ணி இருக்கே, அது மனுஷனை டீயில முக்கின பிஸ்கட் மாதிரி ஆக்கிடும்,” என்பார். பிள்ளைகள் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

நான் அவருக்கு அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடலிலிருந்து திரும்பிக் கதவைச் சாத்தியதும், அவர்கள் சமையலறை அலமாரிக்குள் இருக்கும் பாய்லர் ‘ஹும்’ என்று கிளம்பும். பிறகு மாடியில் குளியல்தொட்டி நிரம்பும் சத்தம். ரேடியோ. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘ஹும்’, ஆறிய தொட்டிக்கு இன்னொரு சுற்று. மதியச் சாப்பாட்டுக்குத்தான் மனிதர் கீழே இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, மற்ற நாட்களிலும் இதே கச்சேரிதான். இது தெரிந்தவர்கள் அவர் மனைவி மேவிஸும் என் வீட்டாரும் மட்டுமே. வெளியே சொல்லவில்லை. பக்கத்து வீடு என்றால் அந்த அளவு நாகரிகமாவது வேண்டுமல்லவா.

அந்த டிசம்பரில் குளிர் வழக்கத்தைவிட மோசம். சாலையில் பனி உருக உப்புத் தூவித் தூவி நகராட்சிக்கு உப்பே தீர்ந்துபோனது. அப்போதுதான் தாக்ரே வீட்டுப் பாய்லர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. குழாயைத் திறந்தால் நன்றாகச் சூடாக வரும். தலையில் சோப்புப் போட்டு முடிப்பதற்குள் பனிக்கட்டியாக மாறும். திட்டி முடிப்பதற்குள் மறுபடி சூடு.

மேவிஸ் நூலகத்தில் வேலை பார்ப்பவள். அங்கே யார் இருமினாலும் விரலை உதட்டில் வைப்பாள். அவள் குரல் இவ்வளவு கனம் என்று அந்த மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“ரோலண்ட்! மறுபடியும் போச்சு! கண்ணெல்லாம் சோப்பு! பெர்னியைக் கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“அவன் பிஸியா இருப்பான்.”

“கேட்டியா நீ?”

“கேக்காமலே தெரியும்.”

பெர்னி ஸ்கெல்டன் ஊரில் பாய்லர் பழுது பார்ப்பவன். கை சுத்தம், வாய்தான் ஓட்டை. காலையில் ஒரு வீட்டுக்குள் பார்த்ததை மாலையில் மதுக்கடை முழுவதும் கேட்கும். போதாததற்கு அவன் சங்கத்தின் செயலாளர். அவன் வந்தால் அலமாரியைத் திறப்பான், தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்பான், மாடியில் தொட்டி ஓரத்தில் ரேடியோவையும் குளிக்கும் தண்ணீரில் போடும் வாசனை உப்பையும் பார்ப்பான். ரோலண்ட் வெளியூர் ஆட்களுக்குப் போன் போட்டார். குளிரில் எல்லா ஊர்ப் பாய்லரும் படுத்துவிட்டதால், ஜனவரிக்கு முன்னால் யாரும் வர முடியாது என்றார்கள்.

ஆகவே அவரே இறங்கினார். பாய்லரின் முகப்பில் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் தாழ்ந்திருந்ததாம். அடியிலிருந்த குழாயைத் திருகி முள்ளை ஏற்றினார். அது ஏறியது. இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது என்று நினைத்தார். அதிகமான தண்ணீரெல்லாம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் வழியாக என் வீட்டுப் பாதையில் கொட்டி, ராத்திரியில் கண்ணாடியாக உறைந்தது. காலையில் பால் எடுக்கப் போன நான் வாசலிலிருந்து வெளிக்கதவு வரை உட்கார்ந்தபடியே பயணம் செய்தேன்.

“கடல் ஈரம்,” என்றார் ரோலண்ட், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து. “இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தி.”

அந்த ஞாயிறு நீச்சல் முடிந்த பிறகு எங்கள் வாசல் மணி அடித்தது. ரோலண்ட். உதடு கத்தரிப்பூ நிறம். ஓவர்கோட்டுக்கு அடியில் ஏதோ உப்பலாக இருந்தது.

“உன் வீட்டுக் குளியலறையில ஏதோ சொட்டுதுன்னு மேவிஸ் சொன்னா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றார். பல் கிடுகிடுத்ததால் இதைச் சொல்ல நேரமானது.

“எங்க வீட்ல ஒண்ணும் சொட்டலையே.”

“சொட்டும். பாக்கலாம்.”

கோட்டின் அடியிலிருந்து துண்டின் நுனி தொங்கியது. மாடியைக் காட்டினேன். எங்களுடையது பழைய ஏற்பாடு, வெந்நீரைப் பெரிய தொட்டியில் சேமித்து வைக்கும் வகை. இறங்கி வந்தபோது இளஞ்சிவப்பாக இருந்தார். வெந்நீர்த் தொட்டி காலியாகியிருந்தது.

“இப்ப சொட்டல,” என்றார்.

அடுத்த ஞாயிறும் சொட்டுகிறதா என்று பார்க்க வந்தார். தலைக்கு ஊற்றிக்கொள்ளத் துண்டோடு நின்றுகொண்டிருந்த என் மனைவி, அதைக் கேட்டதும் நேரே அடுத்த வீட்டுக்குப் போய் மேவிஸிடம் இரண்டே வாக்கியம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பெர்னியின் வண்டி தாக்ரே வீட்டு வாசலில் நின்றது.

மேவிஸ் பார்த்துத்தான் நேரம் குறித்திருந்தாள். ரோலண்ட் அன்று ஒரு பள்ளியில் பேசப் போயிருந்தார். நான் அங்கே இருந்ததற்குக் காரணம், பெர்னிக்கு டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று மேவிஸ் கூப்பிட்டது. அழைக்காவிட்டாலும் போயிருப்பேன்.

பாய்லரின் மூடி தரையில் கிடந்தது. பெர்னி உள்ளேயிருந்து தகடு தகடாக அடுக்கிய ஓர் இரும்புத் துண்டை எடுத்து மேசைமேல் தட்டினான். வெள்ளைப்பொடி உதிர்ந்தது. அந்த நேரத்தில்தான் ரோலண்ட் உள்ளே வந்தார்.

“வாங்க தலைவரே! இதோ இருக்கு பாருங்க உங்க வில்லன். தண்ணி சூடாகறது இதுக்குள்ளதான். முழுக்கச் சுண்ணாம்பு அடைச்சுப்போச்சு. அதனால சூடு தண்ணில எறங்காம உள்ளயே தங்கிடுது. பாய்லர் பயந்து தானா அணைஞ்சுடுது. ஆறினதும் பத்திக்குது.” துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஆனா ஒண்ணு. ரெண்டு பேர் இருக்கிற வீட்ல இவ்ளோ அடைச்சு நான் பாத்ததில்ல. யாரோ மணிக்கணக்கா ஓட்டிருக்காங்க.”

ரோலண்ட் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக.

“மேவிஸுக்குக் கொஞ்சம் நீண்ட குளியல் பழக்கம்,” என்றார்.

“எனக்கா?” என்றாள் மேவிஸ். கெட்டிலை அடுப்பில் டொக்கென்று வைத்தாள். “மூணு வாரமா சிங்க்ல மூஞ்சி கழுவிட்டு வேலைக்குப் போறேன். எனக்கா நீண்ட குளியல்? பெர்னி, மேல போய்ப் பாரு. தொட்டியில மனுஷன் சாயறதுக்குத் தலகாணி வச்சிருக்கான்யா!”

பெர்னி சிரிக்க ஆரம்பித்தான். கேலிச் சிரிப்பல்ல. உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“தலைவரே, இதுக்கா என்னைக் கூப்பிடாம இருந்தீங்க? நம்ம சங்கத்துல பாய்லர் சரியில்லன்னா ஒருத்தனும் கடல் பக்கமே வரமாட்டான். செப்டம்பர்லயே எல்லாரும் எனக்குப் போன் போட்டுடுவாங்க. அந்த டாக்டரம்மா இருக்காங்களே, கடலுக்குள்ள நிக்கிற கொடிக்கம்பம் வரைக்கும் நீந்துறவங்க, அவங்க இந்த வருஷம் பெரிய பாய்லரா மாத்திட்டாங்க. பழசு போதலையாம். நானே வண்டியில சுடுதண்ணிப் பை வச்சிருக்கேன். நீங்க ஒருத்தர்தான் நெஜமாவே கல்லுன்னு நாங்கல்லாம் நெனச்சோம்!”

இதைக் கேட்டு ரோலண்டுக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். மேவிஸும் அப்படித்தான் எதிர்பார்த்தாள் போலும், அவர் தோளில் கை வைத்தாள். ஆனால் மனிதரின் முகம் மெல்லச் சிவந்தது. இத்தனை வருடமும் தான் ஒருவன்தான் போலி, மற்றவர்கள் வைரம் பாய்ந்தவர்கள் என்று நம்பி, அவர்கள் நடுவில் கூனிக் குறுகி நின்றவர். அந்த டாக்டரம்மாவைப் பார்த்தால் தொப்பியைத் தூக்குவார்.

“எல்லாருமா?” என்றார்.

“எல்லாருந்தான்.”

“இது ஏமாத்து வேலை,” என்றார் ரோலண்ட்.

“ஆமா, கேளு,” என்றாள் மேவிஸ், “யாரு பேசறாங்கன்னு பாரு.”

“என் விஷயம் வேற. நான் தப்புன்னு தெரிஞ்சு செஞ்சேன். எனக்குக் குத்த உணர்ச்சி இருந்துது. இவங்களுக்கு அதுவும் இல்ல.”

பெர்னி வண்டியிலிருந்து புதுத் துண்டை எடுத்து வந்து பொருத்தினான். குழாயைத் திறந்தான். தண்ணீர் சூடாக வந்தது, சூடாகவே ஓடிக்கொண்டிருந்தது. மேவிஸ் அதன் அடியில் இரண்டு கைகளையும் நீட்டி அப்படியே நின்றாள். ரோலண்ட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரமே சங்கக் கூட்டத்தில் எழுந்து ராஜினாமா செய்தார். வெந்நீரில் ஊறுகிறவர்களின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கத் தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார். டாக்டரம்மா உட்பட எல்லோரும் தலைகுனிந்தார்கள். அவர் வீட்டுப் பாய்லரைப் பற்றி மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான் பெர்னி. வாழ்க்கையில் அவன் காத்த ஒரே ரகசியம் அது என்கிறார்கள். ஏன் காத்தான் என்று நான் கேட்டபோது, “அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?” என்றான். வாரப் பத்திரிகை, கொள்கைக்காகப் பதவி துறந்த கடைசி மனிதர் என்று மறுபடி படம் போட்டது. பள்ளிக்கூடங்களிலிருந்து முன்னைவிட அதிகமாக அழைப்பு வருகிறது.

சங்கத்துக்கு இப்போது பெர்னி தலைவன். ரோலண்ட் கடலில் இறங்குவதில்லை. இறங்காததால் குற்ற உணர்ச்சியும் இல்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குளிக்கிறார். பாய்லர் ஒரு நாளும் தவறவில்லை. மேவிஸ் குளிப்பது வியாழக்கிழமைகளில், அவர் டோமினோ ஆடப் போகும் நேரத்தில்.